பேஸ்மேக்கருக்கு எத்தனை அப்பா?

கேள்வி: ஐயா, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என் மாணவி ஒருத்தி சார்ட் எழுதி வந்திருக்கிறாள். 'பேஸ்மேக்கரைக் கண்டுபிடித்தவர் ஓட்டிஸ் பாய்கின் என்ற கறுப்பின அமெரிக்கர்' என்று தலைப்பு. சக ஆசிரியர் ஒருவர், 'தப்பு, வில்சன் கிரேட்பேட்ச்தான்' என்கிறார். மாணவி வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டுகிறாள். சார்ட்டை ஒட்டலாமா?
— அறிவியல் ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: ஒட்டலாம் டீச்சர். தலைப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாணவி நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள், அவர் செய்யாத வேலையை அவர் தலையில் ஏற்றிவிட்டாள், அவ்வளவுதான்.

முதலில் பேஸ்மேக்கர் கணக்கை முடித்துவிடுவோம். இதயத்தை மின்சாரத்தால் தட்டி ஓட்டும் கருவியை 1950-களின் தொடக்கத்திலேயே கனடாவில் ஜான் ஹாப்ஸும், அமெரிக்காவில் பால் சோலும் செய்து பார்த்துவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் சுவரில் இருக்கும் பிளக்கை நம்பிய பெட்டி. 1957-இல் ஏர்ல் பேக்கன் டிரான்சிஸ்டர் வைத்து, பேட்டரியில் ஓடுகிற, உடம்பில் மாட்டிக்கொள்கிற சின்னப் பெட்டியாக்கினார். 1958 அக்டோபரில் ஸ்வீடனில் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்த கருவியை, ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள்ளேயே வைத்துத் தைத்தார். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. லார்சன் நிற்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். அவருக்குக் கருவி வைத்த மருத்துவரும் செய்த பொறியாளரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

உங்கள் சக ஆசிரியர் சொல்லும் கிரேட்பேட்ச், அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்காரர். 1960-இல் அவர் செய்த கருவியை வில்லியம் சார்டக் என்ற மருத்துவர் நோயாளிக்குப் பொருத்தினார். 1962-இல் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கிடைத்தது, எண் 3,057,356. எடுத்துப் படித்துப் பாருங்கள், சர்க்யூட் அப்படியே இருக்கிறது. ஆக, 'பேஸ்மேக்கரைக் கண்டுபிடித்தவர்' என்று ஒற்றைப் பெயர் எழுதினால், அது பாய்கினாக இருந்தாலும் கிரேட்பேட்சாக இருந்தாலும் நான் மார்க் போட மாட்டேன்.

சரி, பாய்கின் என்னதான் செய்தார்? ரெசிஸ்டர். மின்னோட்டத்தைத் தடுத்து அளவாக விடும் சின்னப் பாகம். சிரிக்காதீர்கள். முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்துவிட்டு, மாலையில் ரேடியோ சர்வீஸ் செய்த எனக்கு அந்தப் பொருளின் அருமை தெரியும். பழைய வால்வு ரேடியோவில் இருக்கும் கார்பன் ரெசிஸ்டர், சூடுபட்டுச் சூடுபட்டு வருஷத்துக்கு வருஷம் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். மதிப்பைக் காட்ட மேலே போட்ட வண்ணக்கோடு ஒன்று சொல்லும், மீட்டர் வேறொன்று சொல்லும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் துல்லியமானது. ஆனால் விலை கூடுதல், உள்ளே தலைமுடி போன்ற கம்பி ஒரு அதிர்ச்சியில் அறுந்துவிடும். துல்லியமாகவும் இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும், குலுக்கலையும் சூட்டையும் தாங்க வேண்டும். பாய்கின் உழைத்தது இந்த இடத்தில்தான்.

1920-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸில் பிறந்தவர். நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு சிகாகோ. அங்கே இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் மேற்படிப்புக்குச் சேர்ந்து, 1947-இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பணம் இல்லை. 1959-இல் கம்பி வகைத் துல்லிய ரெசிஸ்டருக்குப் பேட்டன்ட், எண் 2,891,227. 1961-இல் இன்னொரு ரெசிஸ்டர், எண் 2,972,726. 1965-இல் மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர் ஒன்று, எண் 3,191,108. அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் அரங்கில் 2014-இல் அவரைச் சேர்த்ததும் ரெசிஸ்டருக்காகத்தான். அவர் பெயரில் நான் படித்த பேட்டன்ட்கள் எல்லாமே ரெசிஸ்டர், கெபாசிட்டர் பற்றியவை. இதயம் என்ற சொல்லே அவற்றில் இல்லை.

வதந்தி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். 'அவருடைய ரெசிஸ்டர் பேஸ்மேக்கரில் பயன்பட்டது' என்று ஒருவர் எழுதுவார். அடுத்தவர் 'பேஸ்மேக்கரின் கட்டுப்பாட்டுப் பகுதியைச் செய்தவர்' என்பார். மூன்றாமவர் 'பேஸ்மேக்கரின் தந்தை' ஆக்கிவிடுவார். போதாக்குறைக்கு அவர் 1982-இல் இதயக் கோளாறால் இறந்தார் என்ற சேதியும் சேர்ந்துகொண்டால் கதைக்குக் கேட்கவா வேண்டும்!

மாணவி ஏமாந்து போகாமலிருக்க ஒரு தகவல் தருகிறேன். பேஸ்மேக்கர் கதையில் உண்மையாகவே ஒரு ரெசிஸ்டர் வருகிறது. கிரேட்பேட்ச் முதலில் செய்துகொண்டிருந்தது இதய ஓசையைப் பதிவு செய்யும் கருவி. அதற்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும்: பிரவுன், பிளாக், ஆரஞ்ச். பெட்டிக்குள் கைவிட்டு எடுத்தது பிரவுன், பிளாக், கிரீன். அதாவது 1 மெகா ஓம், நூறு மடங்கு. சர்க்யூட் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு ஒரு விநாடி சும்மா இருந்தது, மறுபடி துடித்தது. இதயம் இப்படித்தானே துடிக்கும் என்று அவருக்குப் பொறி தட்டிவிட்டது. அவரே பல முறை சொன்ன கதை இது. சார்ட்டில் அந்த மூன்று வண்ணக்கோடுகளை வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் பாய்கினின் பேட்டன்ட் எண்களையும் எழுதட்டும். கண்காட்சிக்கு வருகிற யாராவது சந்தேகப்பட்டால், போனில் கூகுள் பேட்டன்ட்ஸ் திறந்து எண்ணைத் தட்டிக் காட்டலாம். ஒரு விஷயம்: தலைப்போடும் படத்தோடும் நிறுத்திவிடக் கூடாது. கடைசியில் 'நான் உரிமை கோருவது' என்று எண் போட்ட வரிகள் வரும். கண்டுபிடிப்பாளர் சட்டப்படி தனது என்று சொல்வது அந்த வரிகளை மட்டும்தான்.

கேள்வி: பேட்டன்ட் பத்திரத்தில் ஒருவர் கறுப்பரா வெள்ளையரா என்று போட்டிருக்குமா? இல்லாவிட்டால் இணையத்தில் வரும் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் பட்டியல்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: போட்டிருக்காது. பெயர், ஊர், தேதி, அவ்வளவுதான். அதனால்தான் ஹென்றி பேக்கர் என்ற மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவரே கறுப்பினத்தவர், அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகத்தில் ஆய்வாளர். 1900-இல் பாரிஸ் கண்காட்சி வந்தது. அதில் வைப்பதற்காக, நாடு முழுவதும் உள்ள பேட்டன்ட் வக்கீல்களுக்கும் மற்றவர்களுக்கும் 'உங்களுக்குத் தெரிந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் யாராவது உண்டா' என்று கடிதம் போட்டுக் கேட்டார்கள். வந்த பெயர்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சேர்த்துவைத்தவர் பேக்கர். இன்று இணையத்தில் சுற்றும் பழைய பெயர்களில் பெரும்பகுதிக்கு மூலம் அந்த உழைப்புதான்.

ஆனால் பேட்டன்ட் இல்லை என்பதாலேயே ஒருவர் செய்யவில்லை என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. அடிமையாக இருந்தவரின் கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட் கிடையாது, அவருடைய எஜமானருக்கும் கிடையாது என்று 1858-இல் அந்த நாட்டு அட்டர்னி ஜெனரல் எழுதியே கொடுத்தார். பேட்டன்ட் பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படுகிற தாமஸ் ஜென்னிங்ஸ் சுதந்திர மனிதர். 1821-இல் துணியை உலர்சலவை செய்யும் முறைக்கு வாங்கினார். அந்தப் பத்திரம் 1836-இல் பேட்டன்ட் அலுவலகம் எரிந்தபோது சேர்ந்து போய்விட்டது. பாய்கின் விஷயம் வேறு. 1950-களில் வாழ்ந்தவர், தன் பெயரில் பேட்டன்ட் வாங்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவருடைய மிகப் பெரிய சாதனை மட்டும் ஏட்டில் ஏறாமல் போயிருக்குமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: பல்பைக் கண்டுபிடித்தது எடிசன் அல்ல, கறுப்பினத்தவரான லூயிஸ் லாட்டிமர் என்கிறார்களே?
— வாசகர், ஈரோடு

பதில்: எடிசனின் பல்பு பேட்டன்ட் 1880 ஜனவரியில் வந்தது. பல்புக்குள் ஒளிரும் கார்பன் இழையைத் தயாரிக்கும் லாட்டிமரின் முறைக்குப் பேட்டன்ட் 1882 ஜனவரியில். அப்போது அவர் வேலை பார்த்தது எடிசனிடம் அல்ல, எடிசனுக்குப் போட்டியாளரான ஹைரம் மாக்சிமின் நிறுவனத்தில். எடிசன் பக்கம் வந்தது 1884-இல். 1890-இல் மின்விளக்கு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்கும் முன்னால், கிரஹாம் பெல்லின் தொலைபேசிப் பேட்டன்டுக்குப் படம் வரைந்து கொடுத்தவரும் இவர்தான். இவ்வளவு இருக்கும்போது பல்பை வேறு ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும்?

கேள்வி: நாம் பேசும் போனில் இருக்கும் மைக், கறுப்பினத்தவரான ஜேம்ஸ் வெஸ்ட் கண்டுபிடித்தது என்பதாவது நிஜமா?
— வாசகி, கோவை

பதில்: முக்கால்வாசி நிஜம். 1962-இல் பெல் ஆய்வகத்தில் வெஸ்டும், ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் செஸ்லரும் சேர்ந்து செய்தது எலக்ட்ரெட் மைக். மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் டெஃப்லான் தகடுதான் அதன் உயிர். பேட்டன்ட் எண் 3,118,022, வருஷம் 1964, இரண்டு பெயரும் இருக்கிறது. டேப் ரெக்கார்டரிலும், காது கேட்கும் கருவியிலும், பழைய பட்டன் போனிலும் நான் சால்டர் வைத்து எடுத்து மாற்றிய மைக்கெல்லாம் அந்த வகைதான். இப்போதைய ஸ்மார்ட்போன்களில் பெரும்பாலும் சிலிக்கானில் செதுக்கிய வேறு வகை மைக் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் பழைய பட்டன் போன் இருந்தால் திறந்து பாருங்கள், சட்டைப் பொத்தான் அளவில் வட்டமாக ஒரு வெள்ளித் தகடு தெரியும்.