அடைத்த பல் ஏன் உடைகிறது?

கோபியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பல் அடைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

காங்கயத்துப் பெரியவர்: அம்மணி, 20 வருசத்துக்கு முன்னால் கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்தேன். போன வாரம் முறுக்கைக் கடித்ததும் பல்லின் ஓரம் பெயர்ந்துவிட்டது. வெள்ளி அப்படியே இருக்குதுங்க. பல் மட்டும் எப்படி உடையும்?

பதில்: வெள்ளி கடியை நன்றாகத் தாங்கும், ஐயா. ஆனால் பல்லோடு ஒட்டாது. குழியின் வாயைக் குறுக்கி அடியை அகலப்படுத்தித்தான் அதை உள்ளே நிறுத்துகிறோம். அதனால் இருபுறச் சுவர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்கின்றன. நீங்கள் கடிக்கும்போதெல்லாம் அவை துளித்துளி வெளியே வளையும். விறகில் ஆப்பு இறங்குவது போலத்தான். அடியில் முடி போல விரிசல் விட்டு, ஒருநாள் முறுக்குக்குப் பெயர்ந்துவிடும். பிடுங்கிய பற்களில் 1989-இல் அளந்து பார்த்தார்கள். மேலே மட்டும் குழி எடுத்தால் பல்லின் விறைப்பு 20 சதவீதம் போகிறது. பக்கத்துப் பற்களை ஒட்டியுள்ள இரண்டு ஓர மேடுகளும் சேர்ந்து போனால் 63 சதவீதம்! எதை வைத்து அடைத்தோம் என்பதைவிட எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விரிசல் ஈறுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் பல்லுக்கு மேல் உறை மாதிரி கேப் போட்டுக் காப்பாற்றலாம், சீக்கிரம் காட்டுங்கள்.

திருப்பூர்த் தம்பி: அப்போ வெள்ளை அடைப்புதான் பலமா, மேடம்?

பதில்: அது பல்லோடு ஒட்டும், சுவர்களைச் சேர்த்துக் கட்டும். அளவான குழிக்கு அதுதான் என் தேர்வு. ஆனால் ஒளி பட்டு இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைக்கிறோம். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டு போச்சு. ரொம்ப நேரம் வாயைத் திறந்து வைக்கச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி. சுவர் மெலிந்துவிட்ட பல்லுக்கு இதுவும் போதாது, கடிக்கும் மேல்முகட்டையும் சேர்த்து மூட வேண்டும்.

பவானி அக்கா: ரூட் கேனால் (வேர் சிகிச்சை) செய்தால் பல் மக்கிப் போகுமாமே?

பதில்: இல்லைங்க அக்கா. பெரியவருக்குச் சொன்ன அதே 1989 அளவீட்டில், வேருக்குப் போகும் துளையால் மட்டும் போன விறைப்பு 5 சதவீதம்தான். அப்படிப்பட்ட பல் உடைந்தால், அதற்கு முன்பே சொத்தை சுவரைத் தின்றிருப்பதுதான் காரணம். வலி போய்விட்டதே என்று கேப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

சத்தியமங்கலத்தில் இருந்து: பையனுக்குப் பல் குழியை அடைக்க சிமென்ட் வைத்தார்கள், சரிதானா?

பதில்: பாற்பல்லுக்குச் சரி. தானே ஒட்டும், ஃபுளோரைடும் தரும். பெரியவர்களின் கடைவாயில் தேய்ந்துவிடும்.

பொள்ளாச்சியில் இருந்து: பழைய வெள்ளியை எடுத்துவிட்டு வெள்ளையாக மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஓரம் திறந்து சோறு சிக்கினாலோ, கடித்துவிட்டு விடும்போது சுள்ளென்று வலித்தாலோ உடனே காட்டுங்கள்.