பொங்கல் விடுமுறை முடிந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. தினமும் சிறிது நடந்தால் சரியாகுமா?

ஊரிலிருந்து திரும்பி மூன்று நாட்களாகியும் உடல் கனத்துக் கிடக்கிறது, அலுவலகத்தில் எதிலும் கவனம் நிற்கவில்லை, தினமும் சிறிது நடந்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகும் என்று என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன். ஆனால், நீங்கள் எழுதிய அந்தச் ‘சிறிது’ என்ற சொல்லை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

நான் கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன்; பொங்கல் நாட்கள் எனக்குத் திருவையாற்றுப் பக்கம் சொந்த ஊரில் கழியும். சில ஆண்டுகளுக்கு முன், ஊரில் சாப்பிட்டதையெல்லாம் ஒரே வாரத்தில் கரைத்துவிட வேண்டும் என்று, திரும்பிய மறுநாளே உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து ஒரு மணி நேரம் கடுமையாகப் பயிற்சி செய்தேன். பழக்கமில்லாத தசைகளின் வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மூன்றாம் நாள் ரயில் நிலையப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். அந்த முயற்சி அதோடு நின்றுபோனது.

விடுமுறையில் நம்மிடம் குலைவது உடல் வலிமையன்று, நேர ஒழுங்குதான் என்பது பிறகுதான் புரிந்தது. நள்ளிரவு வரை திண்ணையில் பேச்சு, வெயில் ஏறிய பின் விழிப்பு, விருந்துக்குப் பின் பகல் தூக்கம் என்று பத்து நாட்கள் போனால், உடலுக்குள் இருக்கும் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது; அதை ஒரே இரவில் திருப்பி வைக்க முடியாது, நாளுக்குச் சிறிது சிறிதாகத்தான் அது நகரும். அதை நகர்த்துவதில் முதலிடம் காலை வெளிச்சத்துக்கே உரியது என்பதால், வீட்டுக்குள் செய்யும் பயிற்சியைவிட வெளியே நடப்பதையே நான் பரிந்துரைப்பேன். தை மாதத்தில் சென்னையில் ஆறரை மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. அந்த நேரத்தில் நங்கநல்லூரில் எங்கள் தெருவில், வாசல் தெளித்த ஈரம் காயாமல், போட்ட கோலம் மிதிபடாமல் இருக்கும்போது பதினைந்து நிமிடம் நடக்கிறேன். போகும்போது கால்கள் இழுத்துக்கொண்டுதான் வரும்; திரும்பும்போது மூச்சு சீராகி, கைகள் தாமாகவே வீசத் தொடங்கியிருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர், “என்ன தம்பி, ஊருலேருந்து எப்ப வந்தீங்க?” என்று கேட்டால் நின்று பதில் சொல்வேன், நடை தடைப்பட்டதே என்று வருந்துவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது அதே அளவுக்கு முக்கியம். உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை இயங்கும் தசைகள் எடுத்துக்கொள்கின்றன; கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கிக் காலில் தேங்கும் இரத்தத்தை மேலே அனுப்புகின்றன. எனக்குப் பிற்பகல் இரண்டரை மணிக்கு வரும் தூக்க மயக்கம் குறைந்தது இந்த நடையால்தான். மூன்றாம் மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு மின்தூக்கியை விட்டுப் படியேறுகிறேன். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று நினைப்பவர்களுக்கு பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வது என் வழக்கம்: லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வேலையோடு கலந்த அசைவுக்கும் பயன் உண்டு என்பதற்கு எனக்கு அதுவே போதுமான சான்று.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. சிறிதளவும் ஒன்றுமில்லாததைவிட மேல் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. முதல் வாரத்தில் எந்த எண்ணிக்கையையும் துரத்தாதீர்கள். பலர் சொல்லும் ‘நாளுக்கு 10,000 காலடிகள்’ என்ற கணக்கே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். முழங்கால் வலியோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை நாளில் சரியாகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. அதுவரை ரசீதுகளை அடுக்குவது, தேங்கிய மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது போன்ற வேலைகளை வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை அந்தக் காலையில்தான் எடுக்கிறேன்.