நாற்பது வயதுக்கு மேல், கையைக் கடிக்காமல் புல்லாங்குழல் கற்க முடியுமா?

கேட்டவருக்கு வயது 41. இசைப் பயிற்சி கிடையாதாம். மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டுமாம். எந்தக் குழல் வாங்குவது, ஆசிரியர் இல்லாமல் யூடியூபை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா என்கிறார்.

தாராளமாகக் கற்கலாம். நானும் காதோரம் நரைத்த பிறகு குழலைத் தொட்டவன்தான். வீணையும் வயலினும் கேட்கிற காசை இது கேட்காது. ஆனால் அந்தக் கொஞ்சக் காசு எங்கே போகிறது என்பதில் கவனம் வேண்டும்.

திருவிழாவிலும் கடற்கரையிலும் கம்பில் செருகி விற்கிற குழல் வேண்டாம். விற்பவர் அதிலேயே சினிமாப் பாட்டை அள்ளி விடுவார், அது அவருடைய கைவண்ணம். நம் கைக்கு வந்தால் சத்தம் வரும், சுருதி நிற்காது. கர்நாடக இசைக்கென்று கேட்டு, ஊதும் துளை போக எட்டுத் துளை உள்ளதாக வாங்குங்கள். ஆறு துளை என்றால் பெரும்பாலும் பான்சுரி, அதாவது இந்துஸ்தானி இசைக்கான குழல். அதில் விரல் வைக்கும் முறையே வேறு. யூடியூப்பில் இரண்டு வகைப் பாடமும் கலந்து கிடப்பதால், ஆசிரியர் கையில் இருப்பது எந்தக் குழல் என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

சுருதி 5 கட்டை போதும், மேற்கத்தியக் கணக்கில் ஜி. அந்த நடுத்தர அளவுக் குழலில் விரல் எட்டும், மூச்சும் தாங்கும். பெரிய குழலின் கம்பீரத்தில் மயங்கி ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று போனால், விரலை விரித்து வைப்பதற்கே முதல் சில மாதம் ஓடிவிடும். பழகுவதற்கு ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல மூங்கில் குழலே கிடைக்கும். கடையில் போனில், ஊதுகிற சுருதியைக் காட்டும் இலவச ட்யூனர் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, விற்பவரையே ஊதச் சொல்லுங்கள். மத்திய ஸ்தாயி ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும், அதாவது ஸரிகமபதநிஸ-வின் முதல் ஸ-வும் கடைசி ஸ-வும், இரண்டுமே ஜி-யில் வந்து நிற்க வேண்டும். ஊதும் துளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பிசிறு இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாத் துளையையும் மூடி ஊதினால் வெறும் காற்றுதான் வரும். ஒரு துளையையும் மூடாமல் ஆரம்பியுங்கள். கீழுதட்டை ஊதும் துளையின் ஓரத்தில் பதித்து, எதிர் விளிம்பில் படும்படி மெல்லிய காற்றாக விடுங்கள். குழலை விரலால் கொஞ்சம் உள்பக்கம், கொஞ்சம் வெளிப்பக்கம் உருட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் இரைச்சல் தெளிந்து நாதம் பிடிக்கும். பிடித்ததும் மேல் இரண்டு துளையை இடது கை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மூடினால் ஸட்ஜம். அதை நீளமாக, ஆடாமல் பிடிப்பதுதான் ஆரம்பப் பயிற்சி. சலிப்பாகத்தான் இருக்கும். என் ஆசிரியை, "காத்தை இப்படிச் செலவு பண்ணாதீங்க சார், கடன் வாங்கின மாதிரி ஊதுங்க" என்பார். தலை சுற்றினால் குழலைக் கீழே வைத்துவிடுங்கள். அளவுக்கு மீறி ஊதுகிறீர்கள் என்று அர்த்தம்.

ஸ்வரம் கெட்டுப்போகிறது என்றால் விரலைச் சந்தேகப்படுங்கள். நுனியால் குத்தி மூடாமல் சதைப்பற்றான பகுதியால் மூட வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் குழல் கீச்சிடும். முதல் பாடமான சரளி வரிசை வழக்கமாக மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்கும். அதில் வரும் சுத்த ரிஷபத்துக்கு, அதாவது தாழ்ந்த 'ரி'க்கு, துளையைப் பாதி திறக்க வேண்டும், புது விரலுக்கு அது சித்திரவதை. அதனால் ஹரிகாம்போதியிலோ சங்கராபரணத்திலோ தொடங்கிவைக்கிற குழல் ஆசிரியர்களும் உண்டு. உங்கள் ஆசிரியர் அப்படிச் செய்தால் பாடத்தைச் சுருக்குகிறார் என்று நினைக்காதீர்கள்.

ஆசிரியர் வேண்டுமா என்றால், வேண்டும். புல்லாங்குழல் மேதை மாலி (டி.ஆர். மகாலிங்கம்) குழலைத் தானாகவே கற்றாரே என்று இந்த இடத்தில் யாராவது வருவார்கள். அவருக்கு மாமா வீட்டில் பாட்டுப் பயிற்சி நடந்தது. ஸ்வரம் காதில் ஏறியிருந்தது. தவிர, அவர் மாலி. நமக்கு உதடு கோணியிருப்பதையும் தோள் தூக்கியிருப்பதையும் யூடியூப் சொல்லாது. வாரம் இரண்டு வகுப்புக்குக் கட்டுப்படி ஆகவில்லை என்றால், மாதம் இரண்டு வகுப்புக்கு ஒத்துக்கொள்வாரா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று அப்படி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாத பட்ஜெட் மொத்தமும் இதற்கே போகட்டும். இடைப்பட்ட நாளில் தம்பூரா செயலியை ஓடவிட்டு, பாடத்தை முதலில் வாயால் பாடி, பிறகு ஊதுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, சுருதியில் நின்றால் சரி.

குழலை வெயிலிலோ, கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள், விரிசல் விடும். ஊதி முடித்ததும் மெல்லிய துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடைத்தால் போதும்.

கொஞ்சம் கை வந்ததும் எல்லோருக்கும் இளையராஜா பாட்டில் வரும் குழல் துணுக்கு மேல் ஆசை வரும். பாட்டோடு சேர்ந்து ஊதினால் ஒட்டவே ஒட்டாது, ஏனென்றால் அந்தப் பாட்டின் சுருதி வேறு. கச்சேரிக்காரர்களும் ஸ்டூடியோ கலைஞர்களும் பை நிறையக் குழல் வைத்திருப்பது இதற்காகத்தான். நீங்கள் அந்தப் பை பக்கம் போக வேண்டாம். பாட்டின் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் இலவசச் செயலிகள் போனிலேயே உண்டு. பாட்டை உங்கள் 5 கட்டைக்குக் கொண்டுவந்து ஊதுங்கள்.

அபார்ட்மெண்ட்டில் இருந்தால் இரவு எட்டரை தாண்டினால் மேல் ஸ்தாயி மட்டும் வேண்டாம்.