மன்னிப்புக் கேட்டு ஓயாத மனம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை, வயது 34. சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் படிக்கும்போது ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இரட்சிப்பின் நிச்சயம் பெற்றேன். அன்று கிடைத்த சமாதானம் பொய்யில்லை. எதற்கெடுத்தாலும் சீறி விழுந்துகொண்டிருந்த நான் அடியோடு மாறிவிட்டதாக என் அம்மாவே சொல்வார்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் இந்தத் துன்பம் தொடங்கியது. ஆராதனையின் நடுவே, பரிசுத்த ஆவியானவரைப் பழிக்கும் சொற்கள் என் விருப்பமில்லாமலேயே மனதிற்குள் எழுகின்றன. உடனே மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கிறேன். ஜெபித்தபோது மனம் ஒன்றவில்லையோ என்ற ஐயம் வருவதால் மறுபடியும் முதலிலிருந்து ஜெபிக்கிறேன். இப்படியே இரவில் வெகுநேரம் கழிகிறது. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பங்குபெற்றுவிடுவேனோ என்று பயந்து பல மாதங்களாகத் திருவிருந்து எடுக்கவில்லை. நான் மன்னிக்கப்பட்டேனா என்று கணவரிடம் தினமும் கேட்கிறேன். போதகரிடம் சொன்னபோது, விசுவாசக் குறைவு என்று கூறி உபவாசமும் விடுதலை ஜெபமும் ஏற்பாடு செய்தார். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு பழைய கதைதான்.

கிறிஸ்து விடுதலையாக்கினார் என்று மற்றவர்களுக்குச் சாட்சி சொன்ன நான் ஏன் இன்னும் அடிமையாக இருக்கிறேன்? மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உள்ளவை, மனச்சுழற்சி நோய் என்று தமிழில் சொல்லப்படும் ஓ.சி.டி.யின் சமய வடிவத்துக்கு மிகவும் பொருந்துகின்றன. நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய இயலாது என்றாலும், விரும்பாத எண்ணம், அதனால் எழும் பயம், பயத்தைத் தணிக்க ஒரு சடங்கு, சிறிது நிம்மதி, மீண்டும் ஐயம் என்ற சுழற்சி நீங்கள் எழுதியதில் தெளிவாகத் தெரிகிறது. பிரசவத்திற்குப் பிந்தைய மாதங்களில் இந்நோய் தலைகாட்டுவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்றே.

அந்தச் சொற்கள் மனதில் எழுவதை நோயின் அடையாளமாகவோ பாவத்தின் அடையாளமாகவோ கொள்ள வேண்டியதில்லை. 1978-இல் ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வாவும் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய அருவருப்பான எண்ணங்கள் எந்த மனநோயும் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் வருகின்றன என்று காட்டியது. அவர்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை, அதனால் அவை தாமாகவே மறைகின்றன. ஒவ்வோர் எண்ணத்தையும் நீங்கள் விசாரணைக்கு உட்படுத்துவதால் அது திரும்பத் திரும்ப வருகிறது. கடவுளை நேசிப்பவருக்குத் தெய்வ நிந்தனையும், குழந்தையை நேசிக்கும் தாய்க்குக் குழந்தைக்குத் தீங்கு நேரும் எண்ணமும் வருவதுதான் இந்நோயின் கொடுமை; எது அருமையானதோ அதையே அது பற்றிக்கொள்கிறது.

நான் வேதபண்டிதன் அல்லன். ஆனாலும் ஆவியானவரைப் பழிப்பது மன்னிக்கப்படாது என்று சொல்வதால் நீங்கள் அஞ்சும் மத்தேயு 12-ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். குருடும் ஊமையுமான ஒருவன் குணமானதைக் கண்ணெதிரே கண்டும், அது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று தெரிந்தே பழித்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. விரும்பாமல் வந்த ஒரு சொல்லுக்காகத் தூக்கத்தை இழந்து அழுகிறவரை அவர்களோடு சேர்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உங்களுக்கு முன்பே இந்த வழியில் நடந்த ஒருவர் உண்டு. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களை முழுமையாகச் சொன்னோமா என்ற ஐயத்தால் மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார். உயிரை விடும் எண்ணம்கூட அவருக்கு வந்தது. தெளிவாகத் தெரியும் பழைய பாவம் ஏதேனும் இருந்தால் மட்டும் சொல் என்று குரு கட்டளையிட்டார். அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்ததால் அந்தக் கட்டளை உதவவில்லை. ஒரு வாரம் உண்ணாமலிருந்தும் தீரவில்லை. கடைசியில், பழையவற்றை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுபட்டார். உங்கள் உபவாசம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. உங்கள் போதகர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் மேலும் ஒரு விடுதலை ஜெபம் என்பது இந்நோயைப் பொறுத்தவரை மேலும் ஒரு சடங்கு. உங்கள் துன்பத்தை விசுவாசக் குறைவு என்று அவர் சொன்னது, என் கருத்தில், தவறு.

உண்மையான பாவ உணர்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயுவிடம் காணலாம். அவன் செய்த குற்றம் இன்னதென்று அவனுக்குத் தெரிந்தது. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அன்றே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது. உங்கள் பயத்திற்குத் திருப்பிக் கொடுக்க ஆளுமில்லை, போதும் என்ற எல்லையுமில்லை. கோபம் தணிந்து நீங்கள் மாறியதை அம்மா கண்டார்களே, அந்த மாற்றம் இன்னும் உங்களிடம் இருக்கிறது. இப்போது உங்களைக் கட்டி வைத்திருப்பது, மன்னிக்கப்பட்டதை நூற்றுக்கு நூறு உணர்ந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம். அந்த உணர்வு கிடைக்காமலேயே படுக்கைக்குப் போக முடிவதைத்தான் நான் உங்கள் விடுதலையின் தொடக்கம் என்பேன்.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. எண்ணத்தை வரவிட்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் முறையை 1966-இல் விக்டர் மேயர் லண்டனில் தொடங்கிவைத்தார். இன்றும் முதன்மையான உளவியல் சிகிச்சை அதுவே. உங்கள் விஷயத்தில் அது மன்னிப்பு ஜெபத்தைச் சிறிது தள்ளிப்போடுவதில் தொடங்கி, ஐயத்தோடேயே திருவிருந்துக்குப் போவதுவரை செல்லும். நிந்தனை செய்யும்படி யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். காலையிலும் இரவிலும் வழக்கமான ஜெபத்தை ஒருமுறை செய்யுங்கள். திருத்தி மறுபடி செய்வதை மட்டும் விடுங்கள். முதல் சில வாரங்களில் பயம் கூடும்; அது எதிர்பார்க்க வேண்டியதே.

மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனும் மனச்சோர்வு நீக்கி வகை மாத்திரைகளைத் தருவார். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை எடுப்பது விசுவாசத்துக்கு முரண் என்று யாராவது சொன்னால், மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே மனநலத் துறை இயங்குவதைச் சொல்லுங்கள்.

கணவரிடம் இக்கடிதத்தைக் காட்டுங்கள். நீங்கள் மன்னிக்கப்பட்டீர்களா என்று கேட்கும்போது அவர் அன்போடு சொல்லும் ‘ஆம்’ என்ற பதிலும் சுழற்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. “இதற்கு நான் பதில் சொல்லமாட்டேன், ஆனால் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்” என்று அவர் சொல்லட்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்தால், சிகிச்சை நாளுக்காகக் காத்திராமல் உடனே அவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்நேரமும் பேசலாம்.