ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை: புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: முதல்முறையாக நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு. ஆன் செய்தால் ஃபேன்கள் சுற்றுகின்றன, மானிட்டரில் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. மதர்போர்டில் டி-ரேம் என்று எழுதிய இடத்தில் விளக்கு எரிகிறது. சில சமயம் தானாகவே அணைந்து மறுபடி ஓடுகிறது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். ரேமை மாற்றி மாற்றிப் போட்டும் பலனில்லை. ரேம் போய்விட்டதா, மதர்போர்டா?

பதில்: இப்போதைக்கு எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ‘ஒரு நிமிடம்’தான்.

டிடிஆர்5 ரேம் போட்ட ஏஎம்5 போர்டு (உங்கள் ரைசன் 7600 உட்காரும் சாக்கெட் வகைதான் ஏஎம்5) முதல்முறை ஆன் ஆகும்போது, ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர் ரேமோடு எந்த அமைப்பில் பேசினால் தகவல் பிழையில்லாமல் போய்வரும் என்று சோதித்துச் சோதித்து முடிவு செய்யும். மெமரி டிரெய்னிங் என்பது இதுதான். அது முடியும்வரை திரை கருப்பாகவே இருக்கும், டி-ரேம் விளக்கு எரியும், நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆவதும் உண்டு. அதாவது நீங்கள் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் நல்ல கம்ப்யூட்டரிலும் வரும். சில நிமிடங்கள் பிடிக்கும். ரேம் கூடக்கூட நேரமும் கூடும். ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலோ மதர்போர்டின் அமைப்புகள் சேமிக்கப்படும் சிமாஸை கிளியர் செய்தாலோ இந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்ப ஆரம்பிக்க வைத்திருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

எனவே ரேம்களை ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் மாட்டி, ஆன் செய்து, 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல.

அதற்குப் பிறகும் விளக்கு அணையவில்லையா? சரி, இப்போது ரேமைச் சந்தேகப்படலாம். பவர் சப்ளை ஸ்விட்சை அணைத்து, மின்கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். ரேம் சரியாக உட்காராததுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் திறந்து மூடும் கிளிப் இருக்கும். அந்தப் பக்கம் ‘டக்’ என்று விழுந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவோம். மறுமுனை இம்மியளவு தூக்கிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். தங்க நிறக் கோடு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் அந்த முனை இறங்கவில்லை. இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். பயப்படும் அளவுக்குப் பலம் தேவைப்படும், பரவாயில்லை. மேல் மூலையில் ப்ராசஸருக்கான 8 பின் கேபிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் 8 பின் வேறு, இது வேறு.

அப்புறம் குறைத்துக்கொண்டே போக வேண்டும். 7600க்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பது உங்களுக்கு வசதி. கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகி, ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே 15 நிமிடம். ஒரு ரேம் ஓடி, அதே ஸ்லாட்டில் மற்றது ஓடவில்லையென்றால் கோளாறு அந்த ரேமில். இரண்டுமே ஒரு ஸ்லாட்டில் ஓடி இன்னொன்றில் ஓடாவிட்டால் கூலர் பக்கம் போங்கள். ஏஎம்5ல் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. கூலர் திருகுகள் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் சில பின்கள் சரியாகத் தொடாமல் ஒரு மெமரி சேனல், அதாவது ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரு பாதை, மட்டும் படுத்துவிடும். திருகுகளைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சமமாக முடுக்குங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ப்ராசஸரை எடுத்து, பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த ரேமும் எந்த ஸ்லாட்டிலும் ஓடாவிட்டால், கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யுங்கள். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருந்தால் திரை வராமலேயே செய்யலாம்: ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில், கையேட்டில் சொன்ன பெயரோடு ஃபைலைப் போட்டு, அதற்கென்று உள்ள யூஎஸ்பி போர்ட்டில் செருகி பட்டனை அழுத்த வேண்டும். முடியும்வரை கரண்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மிஞ்சுவது மதர்போர்டு அல்லது ப்ராசஸர். வீட்டில் மாற்றிப் பார்க்க வழியில்லை என்பதால் வாங்கிய இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

திரை வந்துவிட்டால் பயாஸில் 32 ஜிபியும் தெரிகிறதா என்று பாருங்கள். ரேமை அதற்குச் சொல்லப்பட்ட முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ என்ற அமைப்பை உடனே ஆன் செய்யாதீர்கள். விண்டோஸ் போட்டு இரண்டு நாள் ஒழுங்காக ஓடட்டும். பிறகு ஆன் செய்யும்போது டிரெய்னிங் இன்னொரு முறை நடக்கும், திரை மறுபடி கருப்பாகும். அப்போதும் அணைக்காமல் காத்திருங்கள்.