ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில்: மின்சாரம் பற்றி வாசகர் கேட்டவை

சித்திரை வெக்கை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கரண்ட் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில், காலநிலையைப் பார்த்து மின்பாவனையை நேரம் மாற்றுவது தொடர்பானவற்றை எடுத்துக்கொண்டேன்.

வெக்கை கூடிய இரவுகளில்தான் எங்கள் ஒழுங்கையில் லோ வோல்டேஜ் வருகிறது. நான் ஒருத்தி ஏசியைக் குறைத்து என்ன ஆகப்போகிறது? (ஆசிரியை, கொக்குவில்)

நிறைய ஆகும் ரீச்சர், அதுவும் உங்கள் ஒழுங்கைக்குள்ளேயே. ஓர் அறைக்குப் போடும் சாதாரண ஏசி ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கும். பதினைந்து மின்விசிறி ஒன்றாகச் சுற்றுவதற்குச் சமம் அது. உங்கள் ட்ரான்ஸ்ஃபோமரில் பத்து வீடுகள் ஒரே நேரத்தில் ஏசி போட்டால் பத்துக் கிலோவாட் கூடுகிறது. காற்றே இல்லாத இரவில் அந்த ட்ரான்ஸ்ஃபோமரின் எண்ணெயும் சூடாறாது. சுமை கூடும் அதே இரவில் அதைத் தாங்கும் வலுவும் குறைகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். வெயில் தொடங்கிய முதல் நாளை விட மூன்றாம் நாள் இரவு மோசமாக இருக்கும். வெளியில் பாகை அதேதான், ஆனால் கொங்கிரீற் கூரையும் சுவரும் மூன்று நாள் வெப்பத்தை வாங்கி வைத்திருக்கின்றன. இரவு எட்டு மணிக்குக் கட்டிலில் இருந்து கையை உயர்த்திப் பார்த்தால் கூரையில் இருந்து அனல் இறங்குவது தெரியும். அதனால் தேவையைக் கணிக்கிறவர்கள் இன்றைய வெப்பநிலையோடு நேற்றையதையும் முந்தாநாளையதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். வெயில் இருக்கும்போதே, பின்நேரம் நான்கரை, ஐந்து மணிக்கு, அறையைக் குளிர்த்தி, கதவு யன்னலைச் சாத்திவிடுங்கள். அந்த நேரம் கூரைச் சோலார்கள் இன்னும் கொஞ்சம் தந்துகொண்டிருக்கும். ஆறரைக்குப் பிறகு 26 பாகைக்கு ஏற்றி மின்விசிறியைப் போடுங்கள். ஏசியை ஒரு பாகை கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை இலங்கையில் மின்பாவனை உச்சத்தில் இருக்கும் நேரம். அந்த நாலு மணித்தியாலத்தில் குறைக்கும் ஒரு யூனிற்றின் பெறுமதி நடுப்பகலில் குறைக்கும் யூனிற்றுக்கு வராது. ஆனால் எல்லாரும் சரியாகப் பத்தரைக்கே திரும்பக் குளிரைக் கூட்டினால் அங்கே புதிதாக ஓர் உச்சம் கிளம்பும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின்னாகப் போடுவதே நல்லது.

வெங்காயத்துக்கு இறைப்பு மோட்டரை எந்த நேரம் போட்டால் நல்லது? (தோட்டக்காரர், கோப்பாய்)

மின்சாரத்தை மட்டும் பார்த்தால் காலை பத்தில் இருந்து பின்நேரம் இரண்டு வரை. நல்ல வெயில் நாளில் சோலார் மின்சாரம் மிஞ்சி நிற்கும் நேரம் அது. பயிரைப் பார்த்தால் உச்சிவெயில் இறைப்பில் தண்ணீர் ஆவியாகிப் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தொட்டி இருப்பவர்கள் நடுப்பகலில் தொட்டியை நிரப்பிவிட்டுப் பின்நேரம் பாய்ச்சலாம். வேகமாக உறிஞ்சாமல் ஆறுதலாக இறைப்பது கிணற்றுக்கும் நல்லது. நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஒரேயடியாக இறைத்தால் அடியில் இருக்கும் உவர்நீர் மேலே ஏறும். கடலுக்குக் கிட்ட உள்ள தோட்டக்காரர்களுக்கு இது தெரியும்.

தொட்டி இல்லையா? விடியப்புறம் இறையுங்கள். மாலை ஏழு மணிக்கு மட்டும் வேண்டாம். வோல்டேஜ் விழுந்த நேரத்தில் மோட்டர் அதே வேலைக்குக் கூடுதல் கரண்டை இழுத்துச் சூடாகும், கொயில் எரியும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் சோலாரைப் பின்நேரம் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். கடன் எடுத்துப் பூட்டியவர்களுக்கு இது நியாயமா? (சுண்டுக்குளி)

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் காரணமும் உண்மையானது. அதற்கு இரண்டு மாதம் முன், 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், காலை பதினொரு மணி கடந்த நேரம். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. விடுமுறை நாளில் தேவை குறைவு, சோலார் அதிகம், மின்நிலையங்களில் சுழன்றுகொண்டிருந்த கனத்த இயந்திரங்கள் குறைவு. அந்த இயந்திரங்களின் சுழற்சி வேகம்தான் கோளாறு வந்த முதல் சில வினாடிகளில் மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் பிடித்து வைத்திருப்பது. புத்தாண்டு விடுமுறையிலும் அதே நிலை வரும் என்றுதான் பயந்தார்கள். பெப்ரவரியில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் 900 மெகாவாட்டும் சேர்ந்து நின்றதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது.

எனக்குக் குறையாகப் படுவது, நிறுத்தச் சொல்வதற்கு முன் பாவிக்கச் சொல்லவில்லை என்பது. தேவையை மாற்றுவது என்றால் குறைப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெயில் கூடிய விடுமுறை நாளில் மோட்டர், உடுப்புக் கழுவும் இயந்திரம், தண்ணீர் சூடாக்கி, பற்றரி எல்லாவற்றையும் நடுப்பகலுக்கு இழுப்பதும் அதுவேதான். நாளைக்கு வெயிலா மூட்டமா என்று முதல்நாளே சொல்ல முடிகிறது. அதை வைத்துப் பகல் யூனிற்றை மலிவாக்கி முற்கூட்டியே அறிவித்தால் சனம் செய்யும். அப்படியும் மிஞ்சி நிறுத்தத்தான் வேண்டுமென்றால், நிறுத்தியவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும்.

உச்ச நேரத்தில் குறைத்தால் காசு என்ற திட்டம் வந்தால், நான் குறைத்ததை எப்படிக் கணக்கெடுப்பார்கள்? கடல் கொந்தளிக்கும் நாளில் வள்ளம் போகாது, என் ஐஸ் ஆலையும் ஓடாது. (பருத்தித்துறை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இந்தத் திட்டங்கள் வெல்வதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். மீற்றர் நீங்கள் பாவித்ததைத்தான் காட்டும். பாவிக்காமல் விட்டதைக் காட்டும் மீற்றர் கிடையாது. ஆகவே, கேட்காமல் இருந்திருந்தால் எவ்வளவு இழுத்திருப்பீர்கள் என்று ஓர் அடிப்படைக் கணக்கை ஊகிக்க வேண்டும்.

கடந்த சில வேலைநாட்களின் சராசரியை எடுப்பது வழக்கமான முறை. உங்களுக்கு அது பொருந்தாது. வாடைக் காற்று உரத்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாளில் ஆலை சும்மா நின்றாலும், சராசரியை வைத்துப் பார்த்தால் பெரிதாகக் குறைத்ததுபோல் தெரியும், காசு வீணாகப் போகும். மாறாக, நல்ல மீன்பாடு விழுந்து ஆலை முழுமூச்சில் ஓட வேண்டிய நாளில் நீங்கள் உண்மையாகவே இரண்டு மணித்தியாலம் நிறுத்தியிருப்பீர்கள். சராசரியோ அதைக் கால்வாசியாகக் காட்டும்.

சரி, என்ன செய்யலாம்? அதேபோன்ற காலநிலையும் அதேபோன்ற தொழிலும் இருந்த நாட்களோடு ஒப்பிட வேண்டும். பிறகு அன்றைய காலைப் பாவனையைப் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன் இந்த இரண்டும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மற்றபடி இதற்கு ஐஸ் ஆலையைப் போலப் பொருத்தமானது வேறில்லை. நடுப்பகலில் உறைய வைத்து வைத்திருந்தால் ஆறரைக்குப் பிறகு கொம்பிரசர் நின்றாலும் ஐஸ் உருகி ஓடாது.

இதெல்லாம் மின்வெட்டுக்கு வேறு பெயரா? (நெல்லியடி)

இல்லை. மின்வெட்டில் உங்களைக் கேட்பதில்லை, ஆஸ்பத்திரி வாட்டும் ஒழுங்கையும் சேர்ந்தே இருண்டுவிடும். 2022 செப்டெம்பர் 6, கடும் வெப்ப அலையில் கலிபோர்னியாவின் தேவை 52,061 மெகாவாட்டைத் தொட்டது. மாலை ஆறு மணிக்குச் சற்று முன் கைபேசிகளுக்கு அவசரச் செய்தி அனுப்பினார்கள். அரை மணித்தியாலத்துக்குள் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் இறங்கியது. மாநிலம் முழுவதும் சுழற்சி மின்வெட்டுப் போட வேண்டி வரவில்லை.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2022 பங்குனிக் கடைசியில் நாம் 13 மணித்தியால வெட்டு அனுபவித்தபோது எரிபொருள் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. இல்லாத மின்சாரத்தை நேரம் மாற்றிப் பாவிக்க முடியாது.

பிரிட்ஜை மாலையில் நிறுத்தி வைக்கலாமா? (மானிப்பாய்)

கதவைத் திறக்காவிட்டால் அரை மணித்தியாலம் பிரச்சினையில்லை. ஆனால் அதனால் பெரிய மிச்சமும் இல்லை. அதைவிட அயன் பண்ணுவதையும் கேத்திலையும் ஆறரைக்கு முன் முடியுங்கள்.

அம்மாவுக்கு வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் ஓடுகிறது. நாங்களும் குறைக்க வேண்டுமா? (சாவகச்சேரி)

வேண்டாம். அம்மாவின் அறை மின்விசிறியையும் குறைக்காதீர்கள். வயது போனவர்களுக்கு வெக்கையே ஆபத்து. குறைக்கும் பொறுப்பு முதலில் மூன்று ஏசி ஓடும் வீடுகளுக்கும் பெரிய கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் உரியது. உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் வைத்தியரின் கடிதத்துடன் விபரத்தை எழுத்தில் கொடுத்து வையுங்கள். கரண்ட் நின்றால் இயந்திரம் எவ்வளவு நேரம் பற்றரியில் ஓடும் என்று இந்தக் கிழமைக்குள்ளேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.