ஜிம்மி ரீட் எதில் தோற்றார்?

கேள்வி: ஸ்காட்லாந்துக் கப்பல் தொழிலாளி ஜிம்மி ரீடைப் பெரிய தலைவர் என்று எழுதியிருந்தீர்கள். நாடாளுமன்றத்துக்கு நின்றபோதெல்லாம் தோற்றவர். மூன்று கட்சி பார்த்தவர். இவரா தலைவர்?

பதில்: தோற்றது உண்மை. 1974இல் கம்யூனிஸ்ட் வேட்பாளராகத் தோற்றார், 1979இல் டண்டீ கிழக்குத் தொகுதியில் லேபர் கட்சிக்காக நின்றும் தோற்றார். சரி, 1971இல் என்ன செய்தார் என்று பார்த்தீர்களா?

அந்த ஜூனில் கிளாஸ்கோவின் அப்பர் கிளைடு கப்பல் நிறுவனம் நொடித்தது. கட்ட வேண்டிய கப்பல்கள் வரிசையில் நின்றன, கையில்தான் காசில்லை. 60 லட்சம் பவுண்டு கடன் கேட்டார்கள். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசு கைவிரித்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு அந்தரத்தில். வேலைநிறுத்தம் செய்திருந்தால், மூடக் காத்திருந்தவர்களுக்கு வேலை மிச்சம். ரீடும் ஜிம்மி ஏர்லியும் மற்ற தொழிற்சங்கத்தாரும் அதைச் செய்யவில்லை. கப்பலைத் தொடர்ந்து கட்டினார்கள்! ஆட்குறைப்பு நோட்டீஸ் வாங்கியவர் மறுநாள் காலையில் வழக்கம்போல் உள்ளே வந்து வேலை பார்த்தார். அவருக்கான கூலி, சக தொழிலாளிகள் வாராவாரம் போட்ட பணத்திலிருந்தும் வெளியிலிருந்து வந்த நன்கொடையிலிருந்தும் போனது. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன்கூட பணம் அனுப்பினார். ரவுடித்தனம் கூடாது, எதையும் உடைக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, உலகமே நம்மைப் பார்க்கிறது என்று ரீட் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொன்னார். கூட்டமும் கேட்டது. 1972 பிப்ரவரியில் அதே ஹீத் அரசு கப்பல் தளங்களுக்காக மூன்றரைக் கோடி பவுண்டு எடுத்து வைத்தது.

பதினான்கு வயதில் படிப்பை விட்ட இவரைத்தான் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் ரெக்டராக, அதாவது நிர்வாகத்தில் தங்கள் பிரதிநிதியாக, தேர்ந்தெடுத்தார்கள். 1972இல் அங்கே அவர் ஆற்றிய உரையை நியூயார்க் டைம்ஸ் முழுசாக அச்சிட்டது. ஒருவரை ஒருவர் முந்தி ஓடும் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எலிப்பந்தயம் என்பார்கள்; எலிகளுக்குத்தான் எலிப்பந்தயம், நாம் மனிதர்கள் என்று சொன்ன உரை அது.

அப்புறம், கட்சி மாறியது. கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து லேபருக்கு, 2005இல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு. எந்தத் தாவலிலும் அவருக்கு மந்திரி பதவியோ எம்.பி. சீட்டோ கிடைக்கவில்லை. 1984இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை அவர்களது சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் நடத்திய விதத்தைக் கண்டித்துப் பழைய தோழர்களின் பகையைத்தான் சம்பாதித்தார். பதவிக்காகத் தாவுகிறவரோடு இவரைச் சேர்ப்பது அநியாயம்.

அப்பர் கிளைடு நிறுவனத்தின் தளங்களில் ஒன்றான கிளைடுபேங்க் பிறகு எண்ணெய்க் கிணற்று மேடை கட்டும் கம்பெனிக்குப் போய், கடைசியில் மூடப்பட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் கிளாஸ்கோவின் கோவனிலும் ஸ்காட்ஸ்டவுனிலும் இன்றைக்கும் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் கட்டுகிறார்கள்.